நான்கு சக்கரமும் தரையில் பட வேண்டும்

எங்கள் அம்பாசிடர் தரையை விட்டுக் கிளம்பிய பங்குனி மாதத்தில் ஊத்துக்கரைப்புதூரில் வெயில் வழக்கம்போலத்தான் அடித்தது, பால் வேன் வழக்கம்போலத்தான் தாமதமாக வந்தது, டீக்கடை ரங்காத்தாள் வழக்கம்போலத்தான் பாலில் தண்ணீரைக் கூட்டினாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு வந்த பத்திரிகைக்காரன் ஒருவன் அன்று வானத்தில் வெளிச்சம் தெரிந்ததாகவும் நாய்களெல்லாம் ஒரே திசையைப் பார்த்து ஊளையிட்டதாகவும் எழுதிவிட்டான், அவன் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, எங்கே பார்த்தாலும் நிறுத்திக் கேட்பேன். வெளிச்சமும் இல்லை, ஊளையும் இல்லை. நான் ஒரு திருகாணியைக் கழற்றினேன், அவ்வளவுதான் நடந்தது.

என் பெயர் கிட்டுசாமி. கார்ப் பந்தயத்தில் தலை மெக்கானிக் என்று ஒரு வேலை உண்டு, அதுதான் என் வேலை. ரோட்டில் ஓடுகிற சாதாரணக் காரையே எடுத்துப் பிரித்துப்போட்டு மறுபடி சேர்த்துப் பந்தயத்துக்குத் தயார் செய்வதும், எந்த டயர் மாட்டுவது, எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது, எந்தச் சுற்றில் வண்டியை உள்ளே கூப்பிடுவது என்று முடிவு செய்வதும், பாதையோரத்தில் பிட் என்று சொல்கிற கொட்டகையில் நின்று தொண்டை வற்றக் கத்துவதும் அந்த வேலைக்குள் அடக்கம். ஜெயித்தால் மாலை ஓட்டினவனுக்கு, தோற்றால் திட்டு தலை மெக்கானிக்குக்கு. பள்ளிக்கூடத்தில் அதிகம் தங்காத நான் கோயமுத்தூர் மில் ஒன்றின் கார் ஷெட்டில் எண்ணெய்த் துணி துவைக்கப் போய்ச் சேர்ந்து, துணி துவைத்த கையாலேயே இன்ஜினைத் தொட்டுத் தொட்டு, காதை வைத்துக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்த மில்லின் பந்தயக் காருக்கே தலை மெக்கானிக் ஆனேன். மில்லின் சின்ன முதலாளி ரகோத்தமன் நான் தயார் செய்த வண்டியில் உட்கார்ந்து கொங்கு கோப்பையை வருடா வருடம் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அப்படிக் கொண்டுபோன ஒரு வருடம் கோப்பையோடு படம் எடுக்க மேடையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் சட்டை மாற்றி, தலை சீவி, முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். சின்ன முதலாளி திரும்பிப் பார்த்தார். "கிட்டு, வண்டி மூஞ்சி கொஞ்சம் தொங்கற மாதிரி இருக்குது பாரு, ஓடிப்போய் ஜாக்கி எடுத்துட்டு வா" என்றார். நான் ஓடிப்போய் எடுத்துவந்து வண்டியின் மூக்கைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தபோது என் நாற்காலியில் மில் மேனேஜரின் மைத்துனர் உட்கார்ந்திருந்தார், படமும் எடுத்து முடிந்திருந்தது. அந்தப் படத்தில் பானட்டுக்குப் பக்கத்தில் என்னுடைய ஒரு கை மட்டும் தெரியும். ஜாக்கியை அந்த மேடைமேலேயே போட்டுவிட்டு வந்தேன். மேடை உடைந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை, மட்டமான பலகை. பந்தயக் கமிட்டி கூடி, கிட்டுசாமி இனி பிட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது.

அன்றிலிருந்து ஊத்துக்கரைப்புதூரில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டு, ஏலத்தில் எடுத்த ஒரு அம்பாசிடரை வைத்துக்கொண்டு, கமிட்டியில் ஆள் மாறட்டும், நேரம் வரட்டும் என்று அதன் எடையைக் குறைக்க ஆரம்பித்தேன். பந்தயக் காருக்கு எடைதான் எதிரி. பின்சீட்டைக் கழற்றினேன், மிதியடியைக் கழற்றினேன், கதவின் உள்தகட்டைக் கழற்றினேன், கதவுக் கைப்பிடியில் சட்டியில் வேகிற ஆப்பம்போல ஓட்டை ஓட்டையாகப் போட்டேன், பெயின்ட்டைச் சுரண்டினேன், போல்ட்டுகளின் தலையை அரம் கொண்டு ராவினேன், என் பெண்சாதி துளசிமணி காலையில் வண்டியைப் பைபாஸ் வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போகும்போது வளையலைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவள் அப்பா பஞ்சு லாரி ஓட்டினவர், அவளுக்கு ஸ்டியரிங் பிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. போய்விட்டு வந்ததும், "வண்டி என்ன சொல்லுது?" என்று கேட்பேன். "இடது பக்கம் முனகுதுங்க மாமா" என்பாள். நான் இடது பக்கத்தைப் பிரிப்பேன். இப்படியே வருடங்கள் போயின, வண்டி இளைத்துக்கொண்டே வந்தது, நானும்தான்.

கடைசியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் எதையும் பிடித்துக்கொண்டிராத ஒரு குட்டித் திருகாணி கண்ணில் பட்டது. எதற்கு வீண் சுமை என்று அதையும் கழற்றினேன். பால் கறந்து முடித்ததும் எருமை விடுமே ஒரு பெருமூச்சு, அப்படி ஒன்றை வண்டி விட்டது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வாரா வாரம் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி வண்டியை நகர்த்துவது எங்கள் ஷெட்டின் வழக்கம். அப்போது எனக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன் அவிநாசியில் ஒரு வக்கீலின் மகன், கூலிங் கிளாஸைத் தவிர வேறு திறமை இல்லாதவன். அவன் வண்டியை எடுத்தான், வண்டி வழுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனது, டயர் மாட்டுகிற குப்பாண்டி குனிந்து பார்த்தான்.

"அண்ணா, எலுமிச்சம்பழம் நசுங்கலீங்."

"நல்லாப் பாருடா."

"பார்த்துட்டுத்தானுங்க சொல்றேன். நாலும் குத்துக்கல்லாட்டம் இருக்குதுங்."

வக்கீல் மகன் கதவைத் திறந்து காலை வைத்தான், கால் தரைக்கு எட்டவில்லை, ஒரு சாண் தொங்கியது. குதித்து இறங்கினவன் கூலிங் கிளாஸைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டான். கூடியிருந்தவர்களுக்கு வண்டி மிதப்பதைப் பற்றி விசனமில்லை, பழம் நசுங்காததுதான் பெரிய அபசகுனமாகப் பட்டது. ரங்காத்தாள் நான்கையும் பொறுக்கி எடுத்து, "சாமிக்கு வேண்டாம்னா நமக்கு ஆகட்டும்" என்று ஜூஸ் பிழிந்து எல்லோருக்கும் கொடுத்தாள், அதில் உப்பு அதிகம்.

திருகாணியைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன், வண்டி இறங்கவில்லை. காற்றடித்தால் வேலிப் பக்கம் நகர்ந்தது, ஆகவே மாட்டுக் கயிற்றால் முருங்கை மரத்தில் கட்டினோம். ஒரு வாரத்துக்குள் ஊர் அதைப் பழகிக்கொண்டது. ஆடுகள் அதன் அடியில் படுத்து அசை போட்டன. துளசிமணி விளக்குமாற்றை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து, "இத்தனை வருசத்துல இன்னைக்குத்தானுங்க இந்த இடம் கூட்ட வசதியாச்சு" என்று சந்தோஷப்பட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியின் நிழல் தன் களத்தில் விழுந்து மிளகாய் காயவிடாமல் தடுக்கிறது என்று பஞ்சாயத்தில் பிராது கொடுத்தார், பஞ்சாயத்து கூடி, ஒரு சாண் வரைக்கும் மிதக்கிற பொருள் ஊருக்குக் கட்டுப்பட்டது, அதற்கு மேலே போனால் கவர்ன்மென்ட்டுக்குப் போய்விடும், ஆகவே கயிற்றை அவிழ்க்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பிள்ளை உண்டாகாத பெண்கள் அடியில் புகுந்து வந்தார்கள், பிள்ளை அதிகமாகிப்போன பெண்கள் எதிர்ப்பக்கமாகப் புகுந்து வந்தார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் ஊர்க்காரர்கள், "அதுங்களா, அது கிட்டுசாமி வண்டி" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. நெல் மூட்டை ஏற்றினேன், கருங்கல் ஏற்றினேன், குப்பாண்டியின் எருமைக் கன்றைக்கூட ஏற்றினேன். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அதே ஒரு சாணில் அது நின்றது. ஒரு நாள் ரங்காத்தாள் கால் வலிக்கிறது என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், வண்டி ஒரு விரற்கடை இறங்கியது.

"ஏனக்கா, என்ன நினைச்சீங்?" என்று குப்பாண்டி கேட்டான்.

"என்னத்தை நினைக்கறேன், எங்கக்கா, எங்கம்மாவோட ஆட்டுக்கல்லைத் தூக்கிட்டுப் போனாளே, அந்தத் திருட்டு முண்டையைத்தான் நினைச்சேன்" என்றாள், வண்டி இன்னொரு விரற்கடை இறங்கியது.

அதற்கப்புறம் கேட்கவா வேண்டும். ஊரே வரிசையில் நின்றது. மனத்தில் வன்மம் உள்ளவன் உட்கார்ந்தால் வண்டி இறங்கும், வன்மத்துக்குத் தக்கபடி இறங்கும், நெல்லுக்கும் கல்லுக்கும் மசியாத வண்டி ஒரு பழைய சண்டைக்கு மசிந்தது. கிணற்றுப் பங்குக்காக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி இரண்டு பேரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள், தம்பிக்கு இரண்டு விரல் அதிகம் இறங்கியது, அண்ணன் அழுதுவிட்டான், "எனக்கு அவன்மேல இவ்வளவு இல்லியே" என்று. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளைக் காப்பி கொடுப்பதற்கு முன்னால் காரில் உட்காரவைத்தார்கள். மாமியார்கள் உட்கார மறுத்தார்கள். துளசிமணி தினமும் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் துடைத்தாள், வண்டி மயிரிழையும் அசையவில்லை, "தங்கமான மனசு" என்று பெண்கள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசியாக என்னை உட்காரச் சொன்னார்கள். நான் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். தொப்பென்று வண்டி தரையில் விழுந்து, ஸ்பிரிங் முனகி, நான்கு டயரும் பிதுங்கி, ஷெட்டின் ஓட்டில் இருந்த புறாக்கள் பறந்தன. ஊரே கை தட்டியது. என் வாழ்நாளில் எனக்காகக் கை தட்டியது அன்றுதான்.

விஷயம் பரவ, கொங்கு கோப்பைக் கமிட்டியே எங்களைத் தேடிவந்தது, மிதக்கிற கார் ஓடினால் கூட்டம் அள்ளும் என்று அவர்கள் கணக்கு. வந்தவர் வண்டிப் பரிசோதகர் தேவசகாயம், சுத்த மனிதர், படுத்து எழுந்தாலும் வெள்ளைப் பேன்ட்டில் மண் ஒட்டாது. அடியில் படுத்து, கையை வீசிப் பார்த்து, எழுந்து, விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார்.

"கிட்டுசாமி, சக்கரம் தரையில படணும்னு இதுல எங்கயும் போடலை. யாருக்கும் தோணலை போல."

"தோணாததுக்கு நான் என்ன பண்றது சார்?"

அவர் பேனாவை எடுத்து, நான்கு சக்கரமும் தரையில் பட வேண்டும் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "கூட ஒருத்தர் உக்காந்து வர விதியில தடை இல்லை. நீ கனத்துக்கு உக்காந்துக்கோ. ஆனா ஒரு சுற்றுல சக்கரத்துக்கு அடியில வெளிச்சம் தெரிஞ்சாலும் வண்டி தள்ளுபடி. தள்ளுபடி ஆச்சுன்னா, கமிட்டி சொல்லிடுச்சு, நீ செத்தாலும் பிட்டுக்குள்ள வரக் கூடாது. ஜெயிச்சா பழைய தீர்மானத்தைக் கிழிச்சுப் போடறோம். சரியா?"

சரி என்றேன். பிட்டில் நிற்காத தலை மெக்கானிக், அடுப்பு இல்லாத சமையல்காரன். எனக்கு வேறு எந்த ஆசையும் இருக்கவில்லை, அந்தக் கொட்டகையில் மறுபடி நிற்க வேண்டும், ரகோத்தமன் அதைப் பார்க்க வேண்டும்.

ஓட்டுவதற்கு ஆள் தேடினேன். திருப்பூரில் கேட்டேன், பொள்ளாச்சியில் கேட்டேன், மிதக்கிற வண்டியில் ஒருத்தனும் ஏற மாட்டேன் என்றான். துளசிமணி பாத்திரம் விளக்கிக்கொண்டே, "நான் ஓட்டறனுங்க" என்றாள். "வேற ஆள் சிக்கலை, நீயே உக்காரு" என்றேன். இதை அப்போது நான் சாதாரணமாகத்தான் சொன்னேன்.

பந்தயம் பழைய விமான ஓடுதளத்தில், இருபது சுற்று. எங்கள் ஊர் மொத்தமும் லாரி பிடித்து வந்து, புளிசாதமும் தயிர்சாதமுமாகத் தடுப்புக் கம்பியை ஒட்டி உட்கார்ந்திருந்தது. தொடக்கக் கோட்டை ஒட்டிப் பாதையின் குறுக்கே தேவசகாயம் கோலமாவால் ஒரு முழ அகலத்துக்குப் பட்டை போட்டு, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார், ஒவ்வொரு சுற்றிலும் அந்த மாவில் எங்கள் நான்கு டயரின் தடமும் விழ வேண்டும். எத்தனை வண்டி மிதித்துக் கலைத்தாலும் எங்கள் தடம் அவருக்குத் தெரியும், எங்கள் டயர் அவ்வளவு வழுக்கை. ரகோத்தமன் இப்போது ஓட்டுவதில்லை, வயிறு ஸ்டியரிங்குக்கு இடம் கொடுக்காது, பெங்களூரிலிருந்து ஒரு ஓட்டுநரைக் கூட்டிவந்து தன் வண்டியில் உட்காரவைத்துவிட்டு மேடையில் குடைக்குக் கீழே இருந்தார்.

கொடி விழுந்தது.

இத்தனை பந்தயம் பார்த்த நான் ஓடுகிற பந்தயக் காருக்குள் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை, தலை மெக்கானிக் என்றால் நிற்கிற வண்டியைத்தான் தெரியும். கம்பியும் கூட்டமும் ஒரே கோடாகக் கரைந்து ஓட, வளைவில் வயிறு ஒரு பக்கம் போய் நான் ஒரு பக்கம் போக, துளசிமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன்னால் போகிற வண்டியின் பம்பரில் மூக்கை உரசுகிற மாதிரி ஒட்டிப்போய், சட்டென்று உள்பக்கம் திருப்பி, ஒவ்வொருத்தனாகத் தாண்டினாள். தாண்டத் தாண்ட எனக்குத் தொண்டையில் ஏதோ குறுகுறுத்தது. அது சிரிப்பு என்று புரிய நேரமாயிற்று. வண்டி லேசாக எழும்பியது.

"சிரிக்காதீங்க!" என்று கத்தினாள். "சக்கரம் தரையை விட்டுக் கழண்டுக்கறது கைக்குத் தெரியுது!"

"முடியலை அம்மிணி! அவனைத் தாண்டினபோது அவன் மூஞ்சியைப் பார்த்தியா!"

"மாமா! ஜாக்கி! ஜாக்கியை நினைச்சுக்கோங்க! ஓடிப்போய் எடுத்துட்டு வான்னாரு!"

நான் நினைத்தேன், வண்டி இறங்கியது, மாவில் நான்கு தடம் விழுந்தது, தேவசகாயம் பச்சைக் கொடியை ஆட்டினார். அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றும் இப்படித்தான், அவள் ஒரு கையால் கியர் மாற்றிக்கொண்டே என் குறைகளை அம்மன் பேரைச் சொல்லி அழைப்பதுபோல ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம், சாப்பிடும்போதும் படுக்கும்போதும் நான் சொன்னவைதானே.

"மேனேஜர் மச்சினன் கால்மேல கால் போட்டு உக்காந்திருந்தானே!"

"ஆமா! என் சேர்!"

"மைக்குல உங்க பேரைக் கிருஷ்ணசாமின்னு சொன்னாங்களே!"

"சொன்னாங்க! ரெண்டு தடவை!"

"தீவாளிக்கு எல்லாத்துக்கும் பேன்ட் துணி, உங்களுக்குத் துண்டு!"

"சாயம் போற துண்டு!"

வளைவில் கூட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்களும் எழுந்து நின்று, "துண்டு! துண்டு!" என்று கத்தினார்கள், ரங்காத்தாள் தயிர்சாதக் கையைத் தூக்கி, "அண்ணா, விட்டுராதீங்!" என்றாள். பதினெட்டாவது சுற்றில் ரகோத்தமனின் வண்டியை நேர்ப்பாதையில் பிடித்து, பெங்களூர்க்காரன் இடம் விடாமல் நெளிய, துளசிமணி புல்லில் இரண்டு சக்கரத்தை இறக்கித் தாண்டி முன்னால் போனாள். இனி இரண்டே சுற்று.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. பந்தயத்தின் நடுவே பாட்டு போடுவார்கள், அதுவென்று நினைத்தேன்.

"கிட்டுசாமி, நான் ரகோத்தமன் பேசறேன்."

எங்கள் ஊர்க்காரர்கள் ரகசியம் காக்கத் தெரியாதவர்கள், வண்டி எதற்கு இறங்குகிறது என்று வந்தவன் போனவனுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள், அது மேடைவரைக்கும் போயிருக்கிறது.

"அந்தப் படத்துல நீ இருந்திருக்கணும் கிட்டு. உன்னை எழுப்பி விட்டது தப்பு. உன்னை மாதிரி ஒரு கை பக்கத்துலயே இருந்தும், நல்லா வேலை வாங்கிக்கிட்டனே ஒழிய, உனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேக்கலை. மன்னிச்சுக்கோ."

எங்களை மிதக்க வைக்கத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும், அது ஒரு குழந்தைக்கும் தெரியும். ஆனால் பாதியில் அவர் குரல் ஓர் இடத்தில் இடறியது, தந்திரமாக ஆரம்பித்தவருக்கே சொல்லச் சொல்ல அது மெய்யென்று தட்டுப்பட்டதுபோல. இத்தனை வருடம் நான் கேட்க நினைத்த சொற்கள், ஊர் உலகத்துக்கு முன்னால், மைக்கில், என் சரியான பெயரோடு. வண்டி பொங்குகிற பால்போல மேலே வந்தது.

"காதைப் பொத்துங்க மாமா!"

"பொத்திட்டேன் புள்ள! விரலுக்குள்ளயும் கேக்குது!"

"துண்டு! சாயத் துண்டு!"

"நல்ல துண்டுதான் அது, பாவம்!" என்றேன், என் கண்ணில் தண்ணீர் வடிந்தது, எனக்குச் சிரிப்பும் வந்தது, மேனேஜரின் மைத்துனர்கூட அப்படி ஒன்றும் கெட்ட மனிதராக நினைவுக்கு வரவில்லை. மாவுப் பட்டைக்கு இன்னும் ஒரு வளைவுதான், வண்டி ஒரு சாணுக்கு வந்துவிட்டது, என்னிடம் கனம் என்று ஒரு குன்றிமணிகூட மிச்சமில்லை. பிட் போயிற்று என்று நினைத்தேன், அந்த நினைப்புக்குக்கூட வருத்தம் வரவில்லை.

ஒலிபெருக்கி எதிரொலித்து அடங்கியது. துளசிமணி வாய்க்குள்ளேயே, "நல்லா வேலை வாங்கிக்கிட்டனே ஒழிய" என்றாள். வண்டி ஒரு விரல் இறங்கியது.

"என்ன அம்மிணி?"

"ஒரு வார்த்தை கேக்கலை" என்றாள். இன்னும் இரண்டு விரல்.

"அவரு என்னைச் சொல்றாரு."

"அவரு உங்களைச் சொல்றாரு. நான் உங்களைச் சொல்றனுங்க. எத்தனை வருசமா காலங்காத்தால இந்த வண்டியை நான் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தேன். வண்டி என்ன சொல்லுதுன்னு தினமும் கேட்டீங்க. ஓட்டறவளை என்னைக்காவது கேட்டீங்களா? வக்கீல் பையனைக் கூட்டியாந்தீங்க, அதுக்கு முன்ன அந்த பேங்க்காரனை, அதுக்கு முன்ன கியர் எதுன்னு தெரியாத மாமரத்துக்காரர் பேரனை. நானா வாயைத் திறந்து ஓட்டறேன்னப்பவும் என்ன சொன்னீங்க? வேற ஆள் சிக்கலைன்னீங்க. எனக்கு இதெல்லாம் ஞாபகமே இல்லீங்க. அந்த மனுசன் மைக்குல சொன்னாரு பாருங்க, எல்லாம் ஒட்டுக்கா ஞாபகம் வந்துருச்சு."

வண்டி தரையில் விழுந்த விழுகையில் அடித்தகடு சிமென்ட்டில் உரசிப் பொறி பறந்தது, என் தலை கூரையில் இடித்தது. மாவுப் பட்டையை அடித்துக்கொண்டு போனோம், தடம் பார்க்கக் குனிந்த தேவசகாயத்தின் வெள்ளைப் பேன்ட்டிலும் முகத்திலும் மாவு பறந்து அப்பியது, மாவுக்குக் கீழே சிமென்ட்டிலேயே நான்கு கோடு விழுந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். மிச்சமிருந்த இரண்டு சுற்றிலும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பூமிக்குள் போயிருப்போம். அவ்வளவு கனமான வண்டி அவ்வளவு வேகம் போய் நான் பார்த்ததில்லை, எடைதான் எதிரி என்று ஆயுசு முழுக்க நம்பினவன் சொல்கிறேன். பெங்களூர்க்காரன் கண்ணாடியில் ஒரு புள்ளியாகி, அப்புறம் புள்ளியும் இல்லாமல் போனான். கொடி விழுந்தது. ஜெயித்தோம்.

எங்கள் ஊர் தடுப்புக் கம்பியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. தேவசகாயம் மாவு முகத்தோடு வந்து பழைய தீர்மானத்தை என் கண்முன்னே கிழித்தார், "போ கிட்டுசாமி, உன் பிட்டுல போய் நில்லு" என்றார். ரகோத்தமன் மேடையிலிருந்து இறங்கி வந்து ஏதோ சொல்லக் கையை நீட்டினார், அவர்மேல் எனக்கு இப்போது ஒன்றுமில்லை, மைக்கில் சொன்னதை நேரில் சொல்லியிருக்கலாமே என்பது மட்டும்தான், அது வேறு கணக்கு.

"எறங்குங்க" என்றாள் துளசிமணி. ஜெயித்த வண்டி தனியாக ஒரு சுற்றுக் கௌரவமாகப் போய்வருவது வழக்கம். நான் இறங்கினேன். வண்டி ஒரு மயிரிழை கூட எழும்பவில்லை, டயர் பிதுங்கியபடி, அடி தரையைத் தேய்த்தபடி, எருமை நடப்பதுபோல நகர்ந்தது.

நான் பிட் பக்கம் திரும்பினேன். கொட்டகை, டயர் அடுக்கு, எண்ணெய் வாசனை, எல்லாம் அப்படியே இருந்தது, குப்பாண்டி, "வாங்கண்ணா, வந்து நில்லுங்" என்று எனக்கு இடம் விட்டு ஒதுங்கினான். ஒரு காலை உள்ளே வைத்தேன். அப்புறம் அந்தக் காலையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினேன். என் வயசுக்கு ஓடக் கூடாது, ஆனாலும் ஓடினேன், ஓட்டைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மிணி, ஏதோ ஆத்திரத்துல சொல்லிட்டே, பரவால்ல" என்றேன். வண்டி அசையவில்லை.

"நீ நல்லாத்தான் ஓட்டினே." அசையவில்லை.

கூடவே ஊரும் நடந்து வந்தது, சாப்பாட்டுத் தூக்குகளோடு. "கேளுங்கண்ணா" என்றாள் ரங்காத்தாள். "எதைக் கேக்கோணும்னு அவதான் சொல்லிட்டாளே, கேளுங்."

மூச்சு வாங்கியது. "அம்மிணி, அடுத்த ரேஸு ஆடி மாசம் வருது. எனக்கு ஓட்ட ஆள் வேணும். நீ ஓட்டறியா?"

வண்டி ஒரு விரற்கடை எழும்பியது. அடியில் வெளிச்சம் தெரிந்தது, தேவசகாயம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேன்ட்டில் மாவைத் தட்டினார்.

துளசிமணி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள், தெருவில் பார்த்த ஆளைப் பார்க்கிற மாதிரி, தலை முதல் கால்வரை.

"மெக்கானிக் யாருங்க?" என்றாள்.

"நான்தான்."

"கோவக்கார ஆளுன்னு கேள்விப்பட்டனே."

"அப்படியொண்ணும் இல்ல."

"யோசிச்சுச் சொல்றனுங்க" என்று இரண்டாவது கியர் போட்டாள், நான் இன்னும் வேகமாக ஓடினேன்.